பதுளைக் கடையில் யாரும் வாங்காத கூடைகள்

பதுளையோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது, கடைசி நிலையத்தில் இறங்கினால் போதும், வழி தவறவே முடியாது என்று முதலாளி நசீர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். நான் தவறினேன். எல்ல என்ற ஊரின் நிலையத்தில் என் பெட்டியே காலியானது. முதுகில் மூட்டையும் வெயிலில் சிவந்த மூக்குமாக வெள்ளைக்காரர்கள் திபுதிபுவென்று இறங்கினார்கள். இதுதான் கடைசி போலிருக்கிறது என்று நானும் கூட்டத்தோடு கோவிந்தா போட்டுக்கொண்டு சூட்கேஸை இழுத்து இறங்கினேன். ரயில் ஒரு ஊதல் ஊதிவிட்டு, பாதிக்கு மேல் வெறும் இருக்கைகளோடு கிளம்பிப் போய்விட்டது.

அங்கிருந்து தனியார் பேருந்து. ஓட்டுநருக்கு மேலே புத்தரும் பிள்ளையாரும் ஒரே வண்ண விளக்குச் சரத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சூட்கேஸை எஞ்சின் மூடி மேல் ஏற்றி வைத்த நடத்துநர், சிங்களத்தில் ஓயாமல் ஏதோ கத்திக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற ஒரு டீச்சரம்மாவிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "உள்ளுக்குப் போகட்டாம். உள்ளுக்கு நிறைய இடம் கிடக்காம்" என்றார் அவர், யாழ்ப்பாணத் தமிழில். உள்ளே எலுமிச்சம்பழம் வைக்க இடமில்லை. கோயம்புத்தூர் காந்திபுரத்திலும் இதே பொய்யைத்தான் சொல்வார்கள். நடத்துநர்கள் எல்லாரும் எந்த நாட்டிலும் ஒரு தாய் பிள்ளைகள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கடை வைத்திருப்பவர்களின் சர்வர்களைப் பார்ப்பது. கூட்டம் வந்தால் தாங்குமா, தாங்காவிட்டால் எங்கே அடைக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பது. அம்மா என்னைக் கம்ப்யூட்டர் டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். என் கணவர் பிளம்பர் என்பார். அவர் சொல்வதுதான் சரி.

நசீருக்குப் பதுளைக் கடைவீதியில் அப்பா காலத்து மளிகைக் கடை. சில வருடங்களுக்கு முன் சுற்றுவட்டாரத் தேயிலையை நல்ல டின்களில் அடைத்து இணையத்தில் விற்க ஆரம்பித்தார். ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று ஆட்கள் வாங்குகிறார்கள். ஆண்டுக்கொரு முறை மலையில் வறண்ட காற்று வீசும் பருவத்தில் வரும் தேயிலைக்குத் தனி வாசனை உண்டாம். அதை ஒரே நாளில் விற்பனைக்கு விடுவார். போன இரண்டு தடவையும் விற்பனை நாளன்று கடையின் இணையப் பக்கம் சுருண்டு படுத்துவிட்டது. வாங்க வந்தவர்கள் திட்டி எழுதிவிட்டுப் போனார்கள். இந்தத் தடவையும் விழுந்தால் டின் அடைக்கும் வேலையையே நிறுத்திவிட்டு, தூளைச் சாக்கோடு கொழும்புத் தரகரிடம் கொடுத்துவிடுவதாக முடிவு செய்திருந்தார். தரகரோடு பேச்சும் முடிந்திருந்தது. கடைக்குப் பின்னால் டின் அடைக்கும் தோட்டத்துப் பெண்களுக்குத்தான் அதனால் நஷ்டம்.

கோயம்புத்தூரில் உட்கார்ந்தே அந்தக் கடையைச் சோதித்துப் பார்த்திருந்தேன். எங்கள் தொழிலில் போலி வாடிக்கையாளர்களை உண்டாக்கி ஏவிவிடுவோம். ஆயிரக்கணக்கில் வந்து, பார்த்து, வாங்கி, போவார்கள். ஏவினேன். கடை அசையவில்லை. "அங்க ஒண்டும் தெரியாது மிஸ். பேய் இங்கதான் இரிக்கு. வந்து பாருங்க" என்றார் நசீர். பேய் பார்க்க டிக்கெட் போட்டுக் கொடுப்பவர்கள் குறைவு. வந்துவிட்டேன்.

எல்லவிலிருந்து அழைத்தபோது, பேருந்து நிலையத்துக்கு வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். வரவில்லை. பத்து நிமிடத்தில் வரும் என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் நான் விடுதியைத் தேடிப் பிடித்து, குளித்து, பசிக்க ஆரம்பித்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன இருக்கிறது என்று கேட்பதற்குள் பரிமாறுபவர் ஒரு பெரிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ரோல்ஸ், பெட்டிஸ், மீன் பனிஸ், வடை என்று குவியல். நான் இவ்வளவு கேட்கவில்லையே என்றேன். "சாப்பிட்டதுக்குத்தான் காசு. மிச்சம் திரும்பிப் போகும்" என்றார். எங்கள் ஊரில் இப்படி வைத்தால் மிச்சம் திரும்பிப் போகாது. இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். மிளகு தூக்கலாக, அருமையாக இருந்தது. அதற்குள் பக்கத்து மேசைக்காரர் பெட்டிஸ் கேட்க, முடிந்துவிட்டது என்றார் பரிமாறுபவர். முடியவில்லை. நான் தொடாத மூன்று பெட்டிஸ் என் தட்டில் இருந்தன. அந்த மனிதர் அவற்றைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன், தட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். நசீருக்கு அறுபதைத் தாண்டிய வயது, வெள்ளைத் தொப்பி, பழத்தை உரித்து வாயில் வைப்பது மாதிரி பேச்சு. யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. நான் இருந்த கொஞ்ச நேரத்துக்குள் சாமான் ஏற்ற வந்த லாரிக்காரர், பள்ளிவாசல் நன்கொடைக்கு வந்தவர், கூரை ஒழுகுகிறது என்று வந்த கொத்தனார் மூவருக்கும், மத்தியானம் வாங்க, இதே வேலையாக இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். மத்தியானம் மூவரும் வந்தார்கள். அவர் இல்லை. வண்டி அனுப்பாததைப் பற்றிக் கேட்டேன். "அனுப்பத்தான் இருந்தேன் மிஸ்" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பின்கட்டில் டின் அடைக்கும் அறை. உள்ளே காலடி வைத்ததுமே வாசனை முகத்தில் ஏறியது. நீண்ட மேசையின் இரு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு நிறுப்பதும், அடைப்பதும், மூடி அழுத்துவதும், லேபிள் ஒட்டி எண்ணும் மிஷினில் காட்டுவதுமாக இருந்தார்கள். எல்லாரும் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து காலைப் பேருந்தில் இறங்கி வருகிறவர்கள். அவர்களில் முன்னால் நின்று எல்லாருக்கும் வேலை பிரித்துக்கொண்டிருந்தவர் யோகேஸ்வரி. நாற்பதைத் தொடும் வயது, கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"அக்கா இந்தியாவா? எங்க பூட்டன் காலத்துல திருச்சிப் பக்கம்ங்க. அங்க எங்களுக்கு யாரும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே பால் இல்லாத தேத்தண்ணியும், தனியாக கித்துள் மரத்துப் பாகில் செய்த ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தார். கருப்பட்டியை ஒரு கடி, தேத்தண்ணியை ஒரு மிடறு. பாலில் தூளைக் கொதிக்கவிட்டு அதற்கு டீ என்று பெயர் வைத்திருக்கும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்த முதல் மிடறு கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

தினமும் வருவீர்களா என்று கேட்டேன்.

"டின்னு வேலை இருந்தா வருவோம்க்கா. இல்லாட்டி தோட்டத்துல பெரட்டுக்குப் போயிருவோம்."

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, இன்றைக்கு யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்பும் கூட்டம். அதற்குப் போய் நின்றால்தான் அன்றைக்குப் பெயர் விழும். பிந்திப் போனால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. டவுனுக்கு வந்துவிட்டால் அதுவும் கிடையாது. அன்றைக்கு வேலை எங்கே என்று இவர்களுக்கு எப்படி முன்கூட்டியே தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மனசெல்லாம் சர்வரில் இருந்ததால் கேட்கவில்லை.

நசீரிடம் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடை விழுவது எப்போது? "எப்பவும் பின்னேரம் மிஸ். சாதாரண நாள்லயும் பின்னேரமானா கொஞ்சம் இழுக்கும். விற்பனை நாள்ல ஒரேயடியா விழும்." ஐரோப்பாவில் அப்போதுதான் மத்தியானம், கூட்டம் வரும் நேரம்தான் என்று நினைத்துக்கொண்டு, சாயந்தரம் மடிக்கணினியைத் திறந்து வைத்துச் சர்வர் பதிவுகளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. இணையக் கடையில் இரண்டு வகைப் பக்கங்கள் உண்டு. தேயிலையின் படம், விவரம் இதெல்லாம் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்த ரோல்ஸ் மாதிரி. முன்னாலேயே செய்து வைத்தது, எத்தனை பேர் கேட்டாலும் எடுத்து நீட்டலாம். ஆனால் கூடையில் போடுவது, பணம் கட்டுவது எல்லாம் கொத்து ரொட்டி. கேட்டவருக்கு அப்போதுதான் கல்லில் போட்டுக் கொத்த வேண்டும். கிடங்கில் எத்தனை இருக்கிறது என்று பார்த்து, இவருக்கென்று எடுத்து ஒதுக்கி, அதைக் குறித்து வைத்து, பிறகுதான் பதில். நசீரின் கடையில் ஒரு நேரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கொத்துதான் போட முடியும். பதின்மூன்றாவது ஆள் நிற்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் நகராவிட்டால் அவருக்குப் பின்னால் வருகிற உலகமே நிற்க வேண்டும்.

வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது கூடைகள் நிரம்ப ஆரம்பித்தன. ஒவ்வொரு கூடைக்கும் கேட்பது ஒரே தேயிலை, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டின். ஒருவர் அல்ல, பலர். எல்லாரும் அதே எண்ணைக் கேட்கிறார்கள். யாரும் வாங்கவில்லை. கூடையில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள், திரும்பி வந்து மறுபடி போடுகிறார்கள். எல்லாம் இலங்கைக்குள் இருக்கும் ஒரே ஒரு இணைய முகவரியிலிருந்து, ஒரே வாசல் வழியாக வருவது மாதிரி. கொஞ்ச நேரத்தில் பக்கங்கள் இழுத்தன, பிறகு மூச்சு நின்றது.

நசீர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சொன்னேன் தானே. யாரோ எரிச்சல்ல செய்றான்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மனிதன் ஒருவனும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது டின் தேயிலை கேட்கமாட்டான், இது எவனோ ஏவிவிட்ட எந்திரம் என்று முடிவு கட்டி, அந்த முகவரியைக் கடைக்குள் நுழையவிடாமல் தடுத்தேன். அடுத்த நிமிடமே அமைதி. கடை கண்ணாடி மாதிரி ஓடியது. நசீர் கோழிக் கொத்து வரவழைத்தார். நானும் பெரிய சூரப்புலி மாதிரி ஒரு தட்டைக் காலி செய்தேன்.

அடுத்த நாள் காலை டின் அடைக்கும் அறையில் ஒருவரும் இல்லை.

விற்பனைக்கு ஒரு நாள்தான் இருந்தது. பருவத் தேயிலை சாக்குச் சாக்காக அடைக்கப்படாமல் நின்றது. காலைப் பேருந்து வந்து போய்விட்டது, அதற்கடுத்த பேருந்தும் போய்விட்டது. நசீர் யோகேஸ்வரிக்கு அழைத்து அழைத்துப் பார்த்தார். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. "நேத்துப் போகக்குள்ள வாங்கண்டு சொன்னேனே. எல்லாருக்கும் சொன்னேனே" என்று கடைக்குள் நடந்துகொண்டே இருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில், வாங்க, நேரில் போய்ப் பார்த்துவிடுவோம் என்று அவரைக் கிளப்பினேன்.

நசீரின் வேன் அவரைவிட மூப்பு. முதல் ஏற்றத்தில் முனகியது, இரண்டாவதில் புகைந்தது, தோட்டத்து வளைவில் கொதித்து நின்றேவிட்டது. மிச்ச தூரம் நடை. ஒரு பக்கம் வாரி விட்ட மாதிரி தேயிலை, மறுபக்கம் பள்ளம், காற்று புடவையைப் பிடுங்கியது. வால்பாறையில் பார்த்ததுதானே என்று நினைத்து வந்தேன். இந்தக் காற்று அங்கே கிடையாது. இதுதான் தேயிலைக்கு வாசனை கொடுக்கும் காற்று என்றார் நசீர், மூச்சு வாங்க ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் மலையிலிருந்து இறங்கியிருந்தார்கள். தோட்ட ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் வாசலில் யோகேஸ்வரி எங்களைப் பார்த்து, கையில் பிடித்த ரொட்டியோடு எழுந்து நின்றார்.

"என்னங்க மொதலாளி, இவ்வளவு தூரம்?"

"ஏன் ஒருத்தரும் வரல்ல?"

"வேலை இல்லைன்னுல்ல நெனச்சோம்."

"நான் வாங்கண்டு சொன்னேன் தானே."

யோகேஸ்வரி கொஞ்சம் தயங்கினார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "நீங்க எப்பவும் வாங்கன்னுதாங்க சொல்லுவீங்க" என்றார் மெதுவாக. "சொல்றப்ப மனசாரத்தான் சொல்றீங்க. ஆனா காலையில வந்து நின்னா, டின்னு நெறைய இருக்கு, நாளைக்கு வாங்கன்னு வாசல்லயே திருப்பிருவீங்க. அதுக்குள்ள இங்க பெரட்டு முடிஞ்சிரும். அங்கயும் இல்லை, இங்கயும் இல்லை. எத்தனை தரம்ங்க அப்படிப் போயிருக்கோம்?"

"அப்ப எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று கேட்டேன் நான்.

யோகேஸ்வரி கையைத் துடைத்துவிட்டு உள்ளேயிருந்து செல்போனை எடுத்து வந்தார். "டின்னு கொறைவா இருந்தாத்தானே அடைக்கக் கூப்பிடுவாங்க? கடையில எத்தனை டின்னு கெடக்குன்னு இதுல தெரியும்க்கா. சும்மா பாத்தா காட்டாது. வாங்குற மாதிரி கூடையில போட்டு, ஒம்பதை மூணு தரம் அமுக்கணும். அவ்வளவு இல்லை, இத்தனைதான் இருக்குன்னு தானா சொல்லிரும். சில நேரம் ஒண்ணுமே இல்லைன்னு காட்டும். விடாம அமுக்கிக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரத்துல சரியான கணக்கு வந்துரும். கொழுந்து நிறுத்துப் போட்டுட்டு வந்ததும் எல்லாரும் பாப்போம். நேத்துல இருந்து தொறக்கவே மாட்டேங்குது. சரி, வேலை இருக்கோ இல்லையோ, பெரட்டுக்கே போயிருவோம்னு போயிட்டோம்."

அங்கே நின்ற அத்தனை பேர் கையிலும் ஒரே கம்பெனியின் சிம். அந்தக் கம்பெனி தன் வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேரையும் ஒரே முகவரி வழியாகத்தான் இணையத்துக்குள் அனுப்பும். நான் எந்திரம் என்று நினைத்துக் கதவைச் சாத்தியது இந்த லயத்து வாசலை.

"பூட்டினது நான்தான் யோகேஸ்வரி" என்றேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் வந்த அன்று சாப்பாட்டுக் கடையில் என் தட்டில் சும்மா கிடந்த பெட்டிஸைச் சொல்லி விளக்கினேன். ஒருவர் மூன்று ஒன்பது அமுக்கினால் கிடங்கில் உள்ள அத்தனை டின்னும் அவர் மேசைக்குப் போய்விடும், அரைமணி நேரம் அங்கேயே இருக்கும். அடுத்தவர் கேட்டால் ஒன்றும் இல்லை என்று காட்டும். அவர் விடாமல் அமுக்கினால் சர்வர் திணறும். அதே நேரம் ஜெர்மனியில் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கும் தேயிலை தீர்ந்துவிட்டது என்றுதான் காட்டும்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யோகேஸ்வரியின் கண்ணில் எப்போதும் இருக்கும் சிரிப்பு இப்போது இல்லை.

"டின்னு வேலையை நிறுத்தப் போறாங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து பயத்துல இன்னும் அதிகமாப் பாத்தோம்க்கா" என்றார். "அப்ப நாங்கதானா கடையைச் சாச்சது?"

என் போலி வாடிக்கையாளர்கள் ஆயிரம் பேரும் ஒழுங்கானவர்கள், தேயிலை வாங்க மட்டுமே வந்தவர்கள். நாளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்க ஒரு கடைக்குள் ஆள் வருவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இருபது வருட அனுபவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு அந்த வாசலில் நல்ல உறைப்பு உறைத்தது.

"என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் தானே" என்றார் நசீர்.

"கேட்டா வாங்கன்னு சொல்லுவீங்க மொதலாளி."

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

உங்களுக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்து தருகிறேன், அதில் டின் கணக்கு மட்டும் இருக்கும், எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்றும் கெடாது என்றேன். யோகேஸ்வரி உடனே தலையாட்டவில்லை. நசீர் நிற்கிறார் என்று தெரிந்தும் கேட்டுவிட்டார்: "அந்தக் கணக்கை மொதலாளி மாத்த முடியுமாக்கா?"

"முடியாது. டின்னை மூடி லேபிள் ஒட்டி மிஷினில் காட்டுகிறீர்களே, அங்கேயிருந்து நேராக வரும். விற்க விற்கத் தானே குறையும்."

"நான் ஏன் மாத்தப் போறேன்" என்று நசீர் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

"நாளைக்கு அடைக்க வேலை இருக்கா? சாக்கைக் கண்ணால பாத்தீங்களாக்கா?"

"பார்த்தேன். சுவர் மறைக்கிற அளவுக்கு இருக்கிறது."

"அப்ப வாறோம்."

வேனைத் தள்ளிவிட அந்தப் பெண்களே வந்தார்கள். இறக்கத்தில் அது சமர்த்தாக ஓடியது.

மத்தியானத்துக்கு மேல் கடையில் உட்கார்ந்து வேலையை முடித்தேன். தடுத்த முகவரியைத் திறந்துவிட்டேன். கூடையில் போட்ட உடனே டின்னை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை மாற்றி, பணம் கட்டும்போதுதான் ஒதுக்க வேண்டும் என்று வைத்தேன். பிறகு பெண்களுக்கான பக்கம். அதில் படமில்லை, அலங்காரமில்லை. தேயிலையின் பெயர், எதிரே எத்தனை டின். சில நிமிடங்களுக்கு ஒருமுறை புதிதாக எழுதி அலமாரியில் வைத்துவிடும், யார் கேட்டாலும் அதையே எடுத்து நீட்டும். என் வாழ்நாளில் நான் செய்த பக்கங்களிலேயே அழகில்லாதது அதுதான். போலி வாடிக்கையாளர்களை மறுபடி ஏவினேன். இந்தத் தடவை அவர்களில் பாதிப் பேரை ஒன்றும் வாங்காமல் மூன்று ஒன்பதை அமுக்கச் சொன்னேன். கடை தாங்கியது. போலிதானே, நாளைக்கு நிஜம் வரட்டும் என்று நசீர் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தார்.

விற்பனை நாள். காலைப் பேருந்தில் சொன்னபடி எல்லாரும் வந்தார்கள். பேச்சுச் சத்தமே இல்லாமல் டின்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. மத்தியானம் கடை திறந்ததும் முதல் ஆர்டர் ஜப்பானிலிருந்து வந்தது. பிறகு மழை பிடித்த மாதிரி கொட்ட ஆரம்பித்தது. நசீர் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப் பெயரைச் சத்தமாக வாசித்து, கொஞ்ச நேரத்தில் வாசிக்க முடியாமல் விட்டுவிட்டார். ஆனால் இதெல்லாம் போன தடவைகளிலும் நடந்ததுதான். மத்தியானம் நன்றாக ஓடி, பின்னேரம்தான் விழும். எல்லாரும் பின்னேரத்துக்குக் காத்திருந்தோம்.

பெண்கள் வேலை முடிந்து பேருந்தேறினார்கள். மலையில் கொழுந்து நிறுத்து முடிந்திருக்கும். வரைபடத்தில் கோடு மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்று ஓங்கி அடித்தது. கடைவீதி முழுக்க மின்சாரம் போனது. திரை அப்படியே நின்றது.

"விழுந்துட்டுதா?" என்றார் நசீர்.

சர்வர் எங்கோ கடல் கடந்து இருக்கிறது, பதுளையில் மின்சாரம் போனால் அதற்கென்ன என்று சொன்னேன். சொல்லும்போதே நானும் செல்போனை எடுத்திருந்தேன். அதில் கடையின் மேலாண்மைப் பக்கம் அசைய மறுத்தது, செல்போன் கோபுரமும் அரைகுறையாகத்தான் வேலை செய்தது. வேறு வழியில்லாமல் பெண்களுக்குச் செய்து கொடுத்த அந்த அழகில்லாத பக்கத்தைத் திறந்தேன். கை விரல் அளவு பக்கம், அந்தப் பலவீனமான இணைப்பிலும் வந்துவிட்டது. பருவத் தேயிலைக்கு எதிரே எண் குறைந்திருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். இன்னும் குறைந்திருந்தது.

"விற்கிறது" என்றேன்.

கல்லாவில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு நாங்கள் இருவரும் ஒரே செல்போனில் குனிந்து அந்த எண் இறங்குவதைப் பார்த்தோம். மூச்சு விடாமல் இவ்வளவு சின்னப் பக்கத்தை நான் பார்த்ததில்லை. மின்சாரம் திரும்பியபோது அடைத்திருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. அந்தப் பக்கத்தில் பூஜ்யம் நின்றது, பின்கட்டில் அடைக்க வேண்டிய சாக்குகள் இன்னும் மிச்சம் இருந்தன. அதே பின்னேரத்தில் தோட்டத்திலிருந்து வந்த கூட்டம் எந்த நாளையும்விட அதிகம் என்று பதிவுகள் காட்டின. ஆனாலும் வாங்க வந்தவர் ஒருவரும் காத்திருக்க நேரவில்லை.

நசீர் கொழும்புத் தரகருக்கு அழைத்தார். தேயிலை இல்லை, கொடுப்பதாக இல்லை, அடுத்த வருடமும் கேட்க வேண்டாம் என்று சொன்னார். இல்லை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வைத்துவிட்டு, யோகேஸ்வரிக்கு ஒரு அழைப்புப் போட்டு நாளைக்கு எல்லாரையும் வரச் சொல்ல வேண்டும் என்று எண்ணைத் தேட ஆரம்பித்தார். வேண்டாம், விடுங்கள் என்றேன். "சொல்லாட்டி எப்படி மிஸ் வருவாங்க?" என்றார். செல்போனை வாங்கி மேசை மேல் வைத்தேன்.

காலையில் ரயிலுக்குப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளக் கடைக்குப் போனேன். நசீர் பூட்டிய ஷட்டருக்கு முன்னால் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டு நின்றார். தூங்கவில்லை என்று முகம் சொன்னது. "வராட்டி நான் என்ன செய்ற?" என்று கேட்டார். தெமோதரைப் பேருந்து வளைவில் திரும்பி வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் யோகேஸ்வரி. அவருக்குப் பின்னால் எல்லாரும். அவர்களுக்குப் பின்னால் நான் பார்த்திராத நாலைந்து புது முகங்கள்.

நசீர் ஒவ்வொருவராகப் பார்த்தார். "இண்டைக்கு நான் ஒருத்தருக்கும் சொல்லல்லயே" என்றார்.

"ஆமாங்க மொதலாளி" என்றார் யோகேஸ்வரி. "நீங்க சொல்லியிருந்தா கொஞ்சம் யோசிச்சிருப்போம்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டார்கள். நசீர் குனிந்து பூட்டைத் திறந்து, ஷட்டரை முழுக்க மேலே தள்ளிவிட்டு, அவர்கள் உள்ளே போக வழிவிட்டு நின்றார்.